சகலையின் நம்பர் பிளேட்

“ஜூலை 9, புதன்கிழமை. மாலை 4.40. சகலையின் காரை நம் வாசலில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் மூன்று பேர். மீட்டரில் 41,306 கிலோமீட்டர். முன்கண்ணாடியின் இடது மூலையில் விரிசல். யாருடைய வண்டி என்று கேட்டார்கள். சகலையுடையது என்றேன். மழை இல்லை. மனம் லேசாக இருந்தது.”

என் நாட்குறிப்பில் போன வருடத்துப் பக்கம் இது. ஒரு சொல்லையும் மாற்றாமல் எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தப் பக்கத்தின் நகல் இப்போது ஒரு வக்கீலின் கோப்பில் இருக்கிறது. படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் படித்தாயிற்று. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

சகலை என்றால் என் மனைவியுடைய தங்கையின் கணவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். தூத்துக்குடிப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வேலை தேடி வந்தான். நான் வேலை பார்க்கும் ஆலையில்தான் அவனுக்கும் முதல் வேலை கிடைத்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை. அவன் மெஷினில் நின்றான். நான் தர ஆய்வில் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். கேஜை வைத்து அளந்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருவரும் ஒரே கோயிலுக்குப் போவோம். பையன் நல்ல பையன் என்று மாமியார் வீட்டில் சொல்லி, பேச்சை நடத்தி, கல்யாணத்தை முடித்து வைத்ததே நான்தான்.

ஆறு வருடம் கழித்து அவன் ஆலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டான். ஆலைகளில் மழுங்கிப்போன வெட்டுக் கருவிகளை வாங்கி வந்து கூர் தீட்டிக் கொடுக்கும் பட்டறை. முதலில் இரண்டு மெஷின், பிறகு நான்கு. எங்கள் ஆலைக்கும் அவன்தான் செய்து கொடுத்தான். அவன் தீட்டிய கருவிகளை அளந்து பார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறையாவது தேறாது என்று தள்ள வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தள்ளும்படி அவன் செய்ததில்லை.

கார் வந்தது ஒரு நவம்பர் 28, திங்கட்கிழமை. புது வண்டி, வெள்ளை. கோயில் வளாகத்தில் ஃபாதர் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். ஆனால் ஃபாதருக்குத் தெரியாத ஒரு காரியமும் அந்த வண்டிக்காக நடந்திருந்தது. எண் கணிதம் பார்க்கும் ஒருவரிடம் போய், வண்டி நம்பரின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதற்கென்று தனியாகப் பணம் கட்டி அந்த நம்பரை வாங்கியிருந்தான்.

“நான் பொறந்தது பதினெட்டுல்லா அண்ணே. ஒம்பது நம்ம நம்பர். எங்க போனாலும் கூடவே வரும்” என்றான்.

அதன் பிறகு செல்போனின் கடைசி நான்கு இலக்கமும் அதுவே ஆயிற்று. அவன் மனைவியின் ஸ்கூட்டருக்கும் அதே கூட்டுத்தொகை. ஆலை வாசல் செக்யூரிட்டிகள் அவனுடைய நம்பரைத் தூரத்தில் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அதே கேட்டில் என் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் நான் உள்ளே போகிறேன்.

எங்கள் மாமியார் வீடு பாரூரில், வாய்க்கால் ஓரம். விசேஷ நாட்களில் இரண்டு குடும்பமும் அங்கே போகும். அவர்கள் காரில், நாங்கள் பஸ்ஸில். கார் நிற்பதற்காக மாமியார் புளியமரத்தடியில் வைக்கோலை ஒதுக்கிக் கூட்டி வைத்திருப்பார். நான் பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஒருமுறை கிட்டே வந்ததும், “நீங்க எதுல வந்தீங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டார். ஆனால் அதையும் அன்றே எழுதி வைத்தேன். “டிசம்பர் 25. சகலை குடும்பம் பாரூர் சேர்ந்தது 9.50. நாங்கள் 11.25” என்பதுபோன்ற வரிகள் என் நோட்டில் பல இருக்கின்றன. எத்தனை என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என் மனைவி, தங்கையோடு காரிலேயே போய்விட்டாள். நான் மட்டும் பஸ்ஸில் போனேன். திரும்பி வந்து, “உள்ள உக்காந்தா வெளிய வெயிலடிக்கறதே தெரியலீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூன்று நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. காரணம் கேட்டாள், தலைவலி என்றேன்.

போன வருடத் தொடக்கத்தில் இரண்டு ஆலைகள் சாணை வேலையைத் தாங்களே செய்துகொள்ள ஆரம்பித்தன. பட்டறை தள்ளாடியது. கார்க் கடனுக்கு மாதா மாதம் கட்டும் டியூ தவறியது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு மாலை அவன் காரோடு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“அண்ணே, ஒரு வாரம் வண்டி இங்க நிக்கட்டும். பட்டறை வாசல்ல, டியூ கட்டாத வண்டியத் தூக்குற சீசிங் ஆளுங்க வட்டம் போடுதாங்க. உங்க வீட்டுல கார் இருக்கும்னு எவன் நெனைப்பான்?”

அவன் அதை ஒரு தந்திரமாக நினைத்துச் சொன்னான். எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. தார்ப்பாய் எடுத்துக் கொடுத்தேன். இருவருமாக வண்டியைப் போர்த்தினோம். சாவியையும் ஒரு செட் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள், மனைவி கடைக்குப் போயிருந்தபோது, தார்ப்பாயை ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். எஞ்சினைப் போடவில்லை. சாவியை ஒரு திருகு மட்டும் திருகி, மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் புதன்கிழமை. நான் காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருந்தேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்காக வண்டி மீட்கும் ஆட்கள் மூவர் வந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டியிருந்தவர் மரியாதையான மனிதர். தார்ப்பாயின் முன் ஓரத்தை விரலால் தூக்கி நம்பரைப் பார்த்து, தன் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், இது யாருது?”

விருந்தாளி வண்டி, எனக்கு ஒன்றும் தெரியாது, நாளைக்கு வாருங்கள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவரும் அந்த மாதிரி ஏதோ ஒன்றுக்குத் தயாராகத்தான் நின்றார்.

“என் சகலையோடது. பட்டறையில இருக்காரு.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ரொம்ப நன்றி சார். யாரும் இவ்ளோ தெளிவா சொல்ல மாட்டாங்க.”

அவரே போன் செய்தார். பத்து நிமிடத்தில் சகலை தன் மனைவியின் ஸ்கூட்டரில் வந்தான். சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பாத்தீங்களா அண்ணே, சானமாவுக் காட்டுல யானை எறங்குனாக்கூட போனுக்கு மெசேஜ் வருது. இவங்க வாரதுக்கு ஒண்ணும் வரல.”

இன்னொருவர் வண்டியின் நிலவரத்தைப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். டயர், ஸ்டெப்னி, பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மீட்டர் எவ்வளவு என்று அவர் கதவைத் திறக்கப் போகும் முன்பே நான் எண்ணைச் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டார். சகலை அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. அவன் கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றினான். சுங்கச்சாவடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தான். பிறகு என்னிடம் உளியும் சுத்தியலும் கேட்டான்.

எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். முன்னால் குனிந்து நம்பர் பிளேட்டைப் பெயர்க்க ஆரம்பித்தான். இப்போது வரும் பிளேட்டுகள் ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழலாதவை.

“வண்டி உங்களுது. எடுத்துக்கிடுங்க. நம்பர் என்னுது. அது நான் தனியாக் காசு கட்டி வாங்குனது.”

மீட்க வந்தவர் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் தோளைக் குலுக்கினார். “முன்னாடியத எடுத்துக்கங்க சார். பின்னாடி மட்டும் கை வெக்காதீங்க, யார்டு போற வரைக்கும் ஒண்ணாவது வேணும்.”

பிளேட் வளைந்துவிடாமல் இருக்க நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பூட்டு உடைந்தது. கார் திரும்பித் தெருமுனை தாண்டியபோது மணி பார்த்தேன். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன படிவ நகலை அவன் நான்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். பிளேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் போனான். அன்று மாலையே அது அவர்கள் வீட்டு ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது என்று என் மனைவி வந்து சொன்னாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பறிகொடுத்த பிறகும் கொண்டாட அவனுக்கு ஒன்று மிஞ்சுகிறதே என்று இருந்தது.

எதையும் முழுதாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய அரசாணைகள், மாவட்டக் குறிப்புகள், சட்ட விதிகள், எது கையில் கிடைத்தாலும் வாசிப்பேன். வண்டி போன மூன்று வாரத்தில் இதையும் படித்தேன். ஆகஸ்ட் 2, சனிக்கிழமைப் பக்கத்தில் குறித்து வைத்திருப்பதன் சாரம் இது. நம்பர் ஆளுக்கு உரியதல்ல, வண்டிக்கு உரியது. மீட்ட வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போனாலும், ஏலத்தில் விற்றாலும், நம்பர் அதோடுதான் போகும். பிளேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் நம்பர் நம்மிடம் இருப்பதாக ஆகாது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை ஆர்.டி.ஓ. பதிவேட்டுக்குப் பழைய ஆள்தான் சொந்தக்காரர். இன்சூரன்ஸும் வண்டியோடுதான் போகும். பாதியில் போனதால் பாதிப் பணம் திரும்பி வராது. க்ளெய்ம் செய்யாமல் இருந்ததற்கான தள்ளுபடி மட்டும் ஆளுக்கு உரியது, அடுத்த வண்டிக்கு உதவும். எனவே வண்டியை எடுத்த தேதி தெரியும்படி ஃபைனான்ஸ்காரர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்துவிட வேண்டும். பெயரை மாற்றச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குக் கீழே ஒரு வரி: “அவனுக்கு இது தெரியாது.”

அந்த வாரமே அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். “அண்ணே, இன்சூரன்ஸு நவம்பர் வரைக்கும் இருக்கு. மிச்ச மாசத்துக்குப் பணம் திரும்ப வரும்லா?”

“ஏஜெண்டைக் கேட்டுப் பாரு” என்றேன்.

கேட்டுவிட்டு மறுநாள் வந்தான். “வராதாம். ஏதோ தள்ளுபடிக்கு ஒரு சீட்டுத் தருவாங்களாம், அடுத்த வண்டி வாங்குனா காட்டணுமாம்.”

“வாங்கு. எப்ப வாங்கப் போற?”

அவன் சிரித்தான். அவனிடம் கோபம் வராது. அதுவும் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று.

அக்டோபரில் அவன் போனுக்குக் கர்நாடகப் போக்குவரத்துப் போலீஸிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. ஆனேக்கல் பக்கம் சீட் பெல்ட் போடாமல் ஓட்டியதற்கு அபராதம். கூடவே கேமரா எடுத்த படம். அதே வெள்ளைக் கார். முன்பக்கத்தில் கையால் பெயிண்ட் அடித்த ஒரு தகரத்தில் அதே நம்பர். அவன் அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினான்.

“பாருங்க, நம்ம நம்பர் இன்னும் ஓடுது.”

பெருமையாகத்தான் சொன்னான். பதிவேட்டில் பெயர் இன்னும் மாறவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். படம் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, கன்னடத்தில் ஒரு கடிதம் வந்தது. பஸ் பலகைகளைப் படித்துப் படித்து எனக்குக் கன்னட எழுத்தும், ஆலையில் கேட்டுப் பழகியதில் பேச்சும் ஓரளவு தெரியும் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். டிசம்பர் 4, வியாழக்கிழமை, காலை 11.15 மணிக்கு, தளியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் சாலையில், சகலையின் நம்பருள்ள கார் ஒரு மொபெட்டை இடித்திருக்கிறது. மொபெட்டில் பூமூட்டை கொண்டுபோன விவசாயிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கார் ஓட்டியவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். பதிவேட்டில் உள்ள சொந்தக்காரர் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

மச்சினிச்சி என்னைப் பார்த்து, “மாமா, இவருக்கும் அந்த வண்டிக்கும்தான் சம்பந்தம் இல்லையே?” என்றாள். நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் இருவரும் தளிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போனோம். பனி விலகாத காலை. வழியெல்லாம் அவன் அந்த விவசாயியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வளாகத்தில் கார் நின்றது. முகப்பு நசுங்கியிருந்தது. அவன் போய் பானெட்டைத் தொட்டுவிட்டு வந்தான்.

ஹெட் கான்ஸ்டபிளுக்குத் தமிழ் வரும், பாதி வரும். “நம்பர் நிம்தே அல்வா?” என்றார்.

உங்களுடையதுதானே என்று கேட்கிறார். சகலை என் பக்கம் திரும்பி மெதுவாக, “அல்வாவ ஃபைனான்ஸ்காரன் ஏற்கெனவே குடுத்துட்டான்னு சொல்லுங்க அண்ணே” என்றான். பிறகு அவரிடம், வண்டியை ஜூலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான்.

“பேப்பர் இதியா?”

“பேப்பர் இல்ல சார். ஆனா நம்பர் பிளேட்டு எங்கிட்டதான் இருக்கு. அசல் பிளேட்டு. வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன்.”

தன் பக்கத்து நியாயத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்ற முகத்தோடு சொன்னான். ஹெட் கான்ஸ்டபிள் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒந்து பிளேட்டு இந்தக் கார்ல. ஒந்து பிளேட்டு உங்க மனேல. அப்ப இந்த வண்டி உங்க கிட்டதானே இத்து? நீங்களே பெயிண்ட் போட்டு ஓட்டிருக்கீங்க. யாரு நம்புவாங்க, ஹேளி?”

வீட்டில் ஒரு பிளேட் இருந்தால் வண்டியும் அவனிடம்தான் இருந்திருக்கும், யார் நம்புவார்கள், சொல்லுங்கள் என்கிறார். பிளேட் யாருக்குச் சாட்சி என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

கிருஷ்ணகிரியில் உள்ள ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். வண்டி ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். எடுத்த தேதி என்ன என்று கேட்டால், கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. வாங்கியவர் பெயரைக் கோர்ட்டு கேட்டால்தான் தருவோம் என்றார்கள். நாங்கள் பார்த்த மரியாதையான மனிதர் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

ஓசூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் விஷயத்தை இரண்டாகப் பிரித்தார். விபத்து நடந்த அன்று வண்டி யார் கையில் இருந்தது என்பது ஒன்று. அன்று இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்பது இன்னொன்று. புது வண்டிக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் போட்ட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் நவம்பர் 27 நள்ளிரவோடு முடிந்திருந்தது. விபத்து அதற்கு ஏழு நாள் கழித்து.

“வண்டி உங்க கிட்ட இல்லைன்னும் நிரூபிக்க முடியாம, இன்சூரன்ஸும் இல்லைன்னா, அடிபட்டவருக்குக் கொடுக்கறது உங்க தலையில விழலாம். இருக்கற பட்டறையையும் வித்துத்தான் கொடுக்கணும். ஜூலையில வண்டியை எடுத்தாங்கங்கறதுக்கு யாராவது ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருக்கீங்களா?”

“என்கிட்ட இருக்குங்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

“முழு நோட்டும் வேணும் சார். பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொடுத்தா மதிப்பு கெடையாது.”

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதே கம்பெனி டைரி கடையில் இன்னும் கிடைக்கிறது. அதே பேனாதான் பயன்படுத்துகிறேன். ஜூலை முதல் டிசம்பர் வரை வேண்டியதை மட்டும் புதிதாக எழுதிவிட இரண்டு மாலை போதும். வாங்கியும் வந்துவிட்டேன். முதல் தேதியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் பின்தேதியிட்டு எழுதியதில்லை. அதுவரை என்னிடம் அவனைவிடச் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான். புது டைரியை அலமாரியில் வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனேன்.

வக்கீலம்மா முதலில் படித்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இதை எழுதினவருக்கு உங்க சகலையைப் பிடிக்காதுன்னு படிச்ச உடனே தெரியுது. பரவால்ல. அதனாலதான் இது நிக்கும். வேண்டியவங்க எழுதிக் கொடுத்த சாட்சி மாதிரி இல்ல.”

நோட்டை அவனிடம் நீட்டினார். அவன் ஜூலைப் பக்கத்தைப் படித்தான். “41,306” என்று வாய்விட்டுச் சொன்னான். “நல்லவேளை, எரிச்சல்லயும் நம்பரச் சரியா எழுதியிருக்கீங்க அண்ணே.” வக்கீலம்மா சிரித்துவிட்டார். நானும் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனான். ஆகஸ்ட் 2-இல் நின்றான். அந்தப் பக்கத்தை மிக மெதுவாகப் படித்தான். விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துப் படித்தான்.

“பதிவுத் தபால்ல தெரிவிக்கணும்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“இது ஆகஸ்ட்டுலயே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“இன்சூரன்ஸப் பத்தி நான் வந்து கேட்டேன்லா. அது இதுக்குப் பின்னாடியா, முன்னாடியா?”

“பின்னாடி. மூணு நாள் பின்னாடி.”

நோட்டை மூடி மேசையில் வைத்தான். “தேதி எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். நகல் எடுத்துக்கிடுங்க.”

கீழே இறங்கி வந்ததும் டீக்கடையில் இரண்டு டீ சொன்னான். ஒன்றை என்னிடம் கொடுத்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றும் எனக்கு முழுதாக அமையவில்லை.

“ஒண்ணு கேக்குதேன் சகலை” என்றான். அதுவரை பதினெட்டு வருடம் அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். “எங்கிட்ட என்ன இருந்துச்சுன்னு இவ்வளவு எழுதுனீங்க?”

அவன் டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆகஸ்ட் பக்கத்தை வாங்கிப் படிக்கவில்லை. “நீங்களே சொல்லிட்டீங்கல்ல, போதும்” என்றாள். இப்போது அவள் தங்கை வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வருகிறாள். கிறிஸ்துமஸுக்குப் பாரூருக்கு அவர்களும் பஸ்ஸில்தான் போனார்கள். அவன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது மாமியார் வாய்க்கால் பாலம் வரை நடந்து வந்து, அவன் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டாராம். நான் போகவில்லை. கேட்டதும், எனக்காக ஒரு நாளும் அவர் பாலம் வரை வந்ததில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. இதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

வண்டி யார் கையில் இருந்தது என்ற கேள்வியில் நோட்டு பயன்பட்டது. நகலைக் காட்டி வக்கீலம்மா எழுதிய பிறகு, யார்டில் இருந்த பழைய படிவம் ஒன்றை ஃபைனான்ஸ்காரர்கள் தேடி எடுத்தார்கள். அதில் தேதி இல்லை. ஆனால் மீட்டர் எண் நான் எழுதியதேதான். வண்டி அவனிடம் இல்லை என்பதை ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டார்கள். ஷோகேஸில் இருந்த பிளேட்டைக் கொண்டுவந்து, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கச் சொன்னார்கள். அவனே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் சகலை என்றான்.

ஆனாலும் பதிவேட்டில் பெயர் இன்னும் அவனுடையதுதான் என்பதால், நஷ்டஈட்டு வழக்கில் அவனையும் சேர்த்திருக்கிறார்கள். வண்டியை வாங்கியவர் என்று ஒரு பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது. அந்த ஆள் கொடுத்த முகவரியில் இல்லை. அதனால் இன்சூரன்ஸ் கேள்விதான் மிச்சம். அதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று வெளிவந்தது. விபத்து நடந்த அதே டிசம்பர் 4-ஆம் தேதி யாரோ அந்த வண்டிக்குப் புதிதாகத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ளபடி சகலையின் பெயரில்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கொடுத்த செல்போன் எண் வேறு யாருடையதோ. அவன் பாலிசியைத் தரவிறக்கப் போனால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணோ அணைந்தே கிடக்கிறது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

காருக்குள் கிடந்த ஒரு தாளை நகல் எடுத்து, ஸ்டேஷன் கோப்பில் இருந்து வக்கீலம்மா வாங்கிவந்திருக்கிறார். அதில் பாலிசி தொடங்கும் தேதியும் நேரமும் இருக்கிறது. தேதி தெளிவாக இருக்கிறது. நேரத்தில் முதல் இலக்கம் 1. அடுத்த இலக்கம் மடிப்பில் விழுந்து அழிந்திருக்கிறது. அதன் பிறகு 40. பத்து நாற்பது என்றால் விபத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் முன்பே இன்சூரன்ஸ் பிறந்துவிட்டது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கும், பட்டறை மிஞ்சும். பன்னிரண்டு நாற்பது என்றால் இடித்த பிறகு போட்டது, செல்லாது.

ஆலையில் பயன்படுத்தும் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து மூன்று முறை பார்த்தேன். இலக்கத்தின் மேல் வளைவு மட்டும் தெரிகிறது. சகலை அது பூஜ்யம் என்கிறான். எனக்கு இரண்டாகத் தெரிகிறது. அது தாளில் இருப்பதா, நான் பார்க்கும் விதமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் வக்கீலம்மா கேட்டபோது, தெரியவில்லை என்றேன். அசல் பாலிசி கைக்கு வரவில்லை. டிசம்பர் 4 அன்று அந்த இன்சூரன்ஸ் தொடங்கிய மணி எது என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.